யமாட்டோவின் இரண்டு முடிவுகள்

1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி ஜப்பானில் வெளியான ஒரு சித்திரப்படத்தின் இறுதிக் கட்டத்தில், சிதைந்து புகைந்துகொண்டிருக்கும் போர்க்கப்பலொன்றின் மாடத்தில், சற்று முன்னர் உயிர்நீத்த தன் காதலியின் உடலைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, எஞ்சிய தோழர்களையெல்லாம் பிடிவாதமாகக் கரையேற்றி அனுப்பிவிட்ட ஓர் இளைஞன், எதிரியின் மாபெருங் கலத்தை நோக்கித் தன் கப்பலைத் தன்னந்தனியே செலுத்துகிறான். மாண்டுபோன தோழர்களின் உருவங்கள் அவரவர் இருந்த ஆசனங்களில் ஒரு கணம் தோன்றி மறைகின்றன. கப்பல் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிறது. அந்தப் புள்ளி சென்று மறைந்த இடத்தில் ஒளி பரவுகிறது. பின்னர் சவாதா கென்ஜி என்னும் புகழ்பெற்ற பாடகரின் குரல் எழுகிறது. அரங்குகளில் விம்மல் ஒலி கேட்டுக்கொண்டே இருந்ததென்று அந்நாளில் அங்கே அமர்ந்திருந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சுமார் 40 லட்சம் பேர் பார்த்த படம் அது. விநியோக வருவாய் மட்டும் சுமார் 210 கோடி யென்.

அழுது கலைந்த அந்த ரசிகர்களின் கண்ணீர் காய்வதற்குள், சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 14-ஆம் தேதி, அதே எதிரியோடும் அதே கப்பலோடும் அதே கதை தொலைக்காட்சியில் வாரத் தொடராக மறுபடி ஆரம்பமாயிற்று. மறு ஆண்டு ஏப்ரலில் அத்தொடர் முடிந்தபோது அந்த இளைஞனும் சாகவில்லை, அவன் காதலியும் சாகவில்லை. ஒரே கதைக்கு ஒரே தயாரிப்பாளர் சுமார் எட்டு மாத இடைவெளியில் இரண்டு முடிவுகளை வழங்கிவிட்டு, எது மெய் என்பதை ரசிகர்களின் தலையில் கட்டிவிட்ட விசித்திரம் கலையுலகில் அபூர்வமானது. விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ என்ற இந்தப் படைப்பைக் குறித்து ஜப்பானியப் பார்வையாளர்கள் கொண்டிருந்த அபிப்பிராயங்களை நான் ஆராய முற்பட்டதற்குக் காரணம் அந்த விசித்திரமே.

கப்பலின் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். யமாட்டோ என்பது ஜப்பானுக்கே வழங்கிய புராதனப் பெயர். 46 சென்டிமீட்டர் வாயுடைய 9 பீரங்கிகளைத் தாங்கி, முழுப் பாரத்தோடு சுமார் 72,000 டன் எடையுள்ளதாக, கூரே துறைமுகத்தில் கட்டப்பட்டு 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்த கப்பலுக்கு அப்பெயரை இட்டார்கள். உலகத்தில் அதனினும் பெரிய பீரங்கிப் போர்க்கப்பல் கட்டப்பட்டதில்லை. ஆனால் ஆகாய விமானங்களின் யுகம் பிறந்துவிட்ட பிறகு வந்த பீரங்கிக் கப்பல் அது. பெருமைக்கேற்ற காரியம் எதையும் அதனால் சாதிக்க முடியவில்லை. 1945 ஏப்ரலில், ஒகினாவாவில் இறங்கிவிட்ட அமெரிக்கப் படைகளை நோக்கி, மேலே காக்கப் போதிய விமானங்கள் இன்றி, திரும்பிவரும் எண்ணமும் இன்றி அனுப்பப்பட்டு, 7-ஆம் தேதி பிற்பகலில், சுமார் இரண்டு மணி நேரம் நடந்த விமானத் தாக்குதலில் கியூஷூ தீவுக்குத் தெற்கே மூழ்கியது. அதனோடு சுமார் 3,000 பேர் மாண்டார்கள். அந்தப் பயணத்தை அந்நாளைய அதிகாரிகள் தற்கொலைத் தாக்குதல் என்ற வகையிலேயே சேர்த்திருந்தனர். உயிர் தப்பிய சொற்பப் பேரில் ஒருவரான யோஷிதா மிட்சுரு என்ற இளம் அதிகாரி எழுதிய நினைவு நூலை 1946-இல் ஆக்கிரமிப்பு அரசின் தணிக்கையாளர் தடுத்துவிட்டனர். ஆக்கிரமிப்பு நீங்கிய 1952-இல்தான் அது முழு வடிவில் வெளிவந்தது. ஆகவே, அந்தப் பெயரை உச்சரித்தால் துக்கம், பெருமை, அவமானம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிளம்பும் என்பது யுத்தத்துக்குப் பிந்திய ஜப்பானில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத விஷயம்.

1974 அக்டோபர் 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு முதன்முதலாக ஒளிபரப்பான தொடர், அந்தக் கப்பலைக் கடலடியிலிருந்தே எழுப்பியது. கதை நிகழும் ஆண்டு 2199. காமிலாஸ் என்னும் கிரகத்தார் எறியும் விண்கற்குண்டுகளால் பூமியின் சமுத்திரங்கள் வற்றி, கதிரியக்கம் பரவி, மனிதகுலம் நிலத்தடியில் ஒடுங்கி, எஞ்சிய ஆயுள் ஓராண்டு என்றாகிவிடுகிறது. 1,48,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள இஸ்கந்தர் என்ற உலகத்தின் அரசி ஸ்டார்ஷா, அங்கே வந்தால் கதிரியக்கத்தைப் போக்கும் கருவியைத் தருவதாகச் செய்தி அனுப்புகிறாள். வற்றிய கடலின் செம்மண் தரையில், அஸ்தமன வெளிச்சத்தில், துருவேறிக் கிடக்கும் பழைய யமாட்டோவின் உடலுக்குள்ளே இரகசியமாகக் கட்டப்பட்ட புதிய கலம், மேலே படிந்த மண்ணையும் துருவையும் உதறிக்கொண்டு எழுகிற காட்சியைப் பார்த்தவர்கள் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. (மெய்யான கப்பல் அவ்வாறு முழு உடலோடு கிடக்கவில்லை. சுமார் 340 மீட்டர் ஆழத்தில் அது இரண்டாக முறிந்து கிடப்பதை 1985-இல் நடந்த தேடல் உறுதிசெய்தது. சித்திரக்காரர்கள் அதற்குப் பத்தாண்டு முந்திக்கொண்டது நல்லதாயிற்று.)

ஆனால் அந்த முதல் ஒளிபரப்பு தோல்வியே. அதே ஞாயிறு, அதே நேரத்தில், வேறொரு நிலையத்தில் தகாஹாதா இஸாவோ இயக்கிய ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைதி’ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதில் பிடித்துவைத்துப் பின்னால் பார்க்கும் வசதியும் பரவாத காலம். பெட்டியின் குமிழ் யார் கையில் இருக்கிறதோ அவர் அபிப்பிராயமே வீட்டின் அபிப்பிராயம். மலைச்சாரலில் ஆட்டுக்குட்டியோடு துள்ளும் சிறுமியை விட்டுவிட்டு, அண்டவெளியில் செத்துக்கொண்டிருக்கும் மனிதகுலத்தைப் பார்க்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? 39 வாரத்துக்குத் திட்டமிட்ட தொடர் 26 வாரத்தில் சுருக்கப்பட்டு, 1975 மார்ச் 30-இல் முடிந்தது. அதன் பின்னர் மாலை வேளைகளில் நடந்த மறுஒளிபரப்புகளில்தான், பள்ளி விட்டு வந்து பெட்டியின்முன் தனியே அமரும் வயதுடைய பிள்ளைகள் அதைக் கண்டெடுத்தார்கள். குடும்பத்தின் ரசனைக்குத் தோற்ற படைப்பு தனிமனிதனின் ரசனைக்கு வென்றது என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பிள்ளைகளிடம் புதியதொரு குணம் இருந்தது. பார்த்ததைப் பற்றிப் பேசாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. ரசிகர் மன்றங்கள் தோன்றின. கையால் எழுதிப் பிரதி எடுத்த ஏடுகள் சுற்றிவந்தன. ‘அவுட்’ என்ற மாத இதழ் 1977 ஜூன் இதழில் யமாட்டோவைச் சிறப்புப் பொருளாக்கியபோது பிரதிகள் கிடைக்காமல் போயின. மறு ஆண்டு தொடங்கிய ‘அனிமேஜ்’ என்ற இதழின் முதல் அட்டையிலேயே யமாட்டோதான் இருந்தது. இயக்குநர் யார், சித்திரம் வரைந்தவர் யார், பின்னணி இசை யாருடையது என்ற கேள்விகளை ஒரு சித்திரப்படத்தைக் குறித்து இத்தனை ஆயிரம் பேர் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். குழந்தைகளின் பொழுதுபோக்காகக் கருதப்பட்டதைக் குழந்தைப் பருவம் கடந்தவர்கள் வெட்கமின்றித் தமதென்று உரிமை கொண்டாடினார்கள்.

அவர்கள் ஆசையோடு சேகரித்த பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்த உணர்ச்சி விளங்காது. ‘செல்’ என்பது படமெடுக்கும் பொருட்டு வரையப்பட்ட கண்ணாடி போன்ற மெல்லிய தாள். அதன் முன்பக்கம் கோடுகள் மட்டும் இருக்கும். வண்ணம் பின்பக்கம் பூசப்பட்டிருக்கும். முன்னால் பார்த்தால் மழுமழுவென்று ஒரே சீராகத் தெரிகிற முகம், புரட்டினால் சுவரில் அப்பிய சுண்ணாம்புபோல் திட்டுத் திட்டாய், கோட்டுக்கு வெளியே வழிந்து, தூரிகை நின்ற இடமெல்லாம் மேடிட்டுத் தோன்றும். நாளாக ஆகத் தாள் நெளிந்து, காடி வாடை வீசத் தொடங்கும். படப்பிடிப்பு முடிந்தபின் குப்பைக்குப் போகவேண்டிய இந்தத் தாள்கள், திரையரங்கின் வாயிலில் முதலில் வந்து நின்றவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டன. அதற்காகவும், அது இல்லாமலேயும், 1977 ஆகஸ்டு 6-ஆம் தேதி தொடரைச் சுருக்கித் தொகுத்த முதல் திரைப்படம் வெளியானபோது, முந்திய இரவே வந்து நடைபாதையில் படுத்துக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அது ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாள் என்பதை வெளியிட்டவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, கதிரியக்கத்தால் வெந்த பூமியைத் திரையில் பார்த்தவர்களுக்கு அந்தத் தேதி வெறும் தேதியாக இருந்திருக்க முடியாது.

அந்த முதற் படத்தைக் குறித்த அபிப்பிராயங்களில் ஒரு முரண் தொடக்கத்திலேயே இருந்தது. ரசிகர்கள் மிகவும் கொண்டாடிய காட்சிகளில் ஒன்று, கப்பலின் முகப்பிலுள்ள அலைப்பீரங்கி சுடப்படும் சடங்கு. அதைச் சடங்கென்றே சொல்ல வேண்டும். மற்ற இயந்திரங்களையெல்லாம் நிறுத்திச் சக்தியை ஓரிடத்தில் திரட்டுதல், கருங்கண்ணாடி அணிதல், குறிபார்க்கும் கண்ணாடி எழும்புதல், எண்ணிக்கை குறைந்து குறைந்து வருதல், ஒரு கணம் முழு மௌனம், பின்னர் பிரளயம். கண்டமொன்றையே துகளாக்கும் அந்த ஆயுதத்தின் வர்ணனையைப் பிள்ளைகள் மந்திரம்போல் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஆனால் அதே பிள்ளைகள், ரசித்த காட்சியாக மற்றொன்றையும் குறிப்பிட்டார்கள். காமிலாஸ் நகரம் அழிந்து கிடக்கிறது. வென்றவன் கொடாய் சுசுமு என்னும் இருபது வயதுக்குட்பட்ட நாயகன். இடிபாடுகளைப் பார்த்து அவன் மகிழவில்லை. நாம் செய்திருக்க வேண்டியது போர் இல்லை, ஒருவரையொருவர் நேசித்திருக்க வேண்டும், இந்த வெற்றி யாருக்கு வேண்டும் என்ற பொருள்படக் கதறித் தன் துப்பாக்கியை எறிகிறான். பீரங்கியின் பேரின்பத்தை முழுக்க அனுபவித்த பிறகு பீரங்கியை வெறுக்கும் உபதேசத்தையும் கேட்டுக் கண்ணீர் விடலாம் என்பது கலை மனிதனுக்குத் தரும் சலுகைகளில் ஒன்று. அதைப் பெற்றுக்கொண்டதற்காக அப்பிள்ளைகளை நான் குறைகூற மாட்டேன். நம் காவியங்களைப் படிக்கிறவர்களும் அப்படித்தானே படிக்கிறோம்?

கதையின் எதிரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமிலாஸின் தலைவன் டெஸ்லருக்கு அவன் படையினர் செய்யும் வணக்கம் நாஜிகளின் வணக்கத்தை நினைவூட்டுகிறது. தளபதிகளின் பெயர்களில் ஷுல்ஸ் என்றும் டோமெல் என்றும் ஜெர்மானிய நாதம் கேட்கிறது. மெய்ச் சரித்திரத்தில் நாஜிகளின் கூட்டாளியாக இருந்த தேசத்தின் கப்பல், கற்பனையில் நாஜிகளைப் போன்றவர்களை எதிர்த்து, அணுகுண்டை ஒத்த கொடுமையிலிருந்து உலகனைத்தையும் காக்கப் புறப்படுகிறது. பழைய யமாட்டோவின் ஒவ்வொரு குறையும் இவ்வாறு நிவர்த்தி செய்யப்பட்டுவிட்டது. நோக்கம் நேர்மையானது, போர் நியாயமானது, கப்பலும் திரும்பி வருகிறது. தோற்றவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ட இந்த இனிய கனவை இராணுவ மோகம் என்று சாடிய பெரியவர்கள் அந்நாளிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் அதை ஏற்கவில்லை. தங்கள் கப்பல் உயிர்களைக் காப்பாற்றப் போய்த் திரும்பிய கப்பல் என்பதே அவர்கள் வாதம். 1977 வரையில் அந்த வாதம் செல்லுபடியாகும் வாதமாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த ‘விடைகொடு, விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ என்ற படம்தான் அதைத் தகர்த்தது. தயாரிப்பாளர் நிஷிஸாகி யோஷினோபு. இயக்கத்தில் முக்கியப் பங்கு கொண்டவர் மாஸுதா தோஷியோ. பெர்ல் துறைமுகத் தாக்குதலைக் காட்டிய ‘டோரா! டோரா! டோரா!’ படத்தின் ஜப்பானியப் பகுதிகளை இயக்கியவர்களில் ஒருவர் அவர். போர்ப்படங்களின் நாடி அறிந்தவர். கதையில் வால்நட்சத்திரப் பேரரசு ஒன்று அண்டத்தைக் கபளீகரம் செய்துகொண்டு வருகிறது. வளமும் அலட்சியமும் பெருகிய பூமியின் அதிகாரிகள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததால், பழைய மாலுமிகள் ஆணையை மீறி யமாட்டோவைச் செலுத்துகிறார்கள். அதன் பின்னர் மரணங்கள் தொடர்கின்றன. குடிகார வைத்தியர் சாதோ, இயந்திரத் தலைவர் தோகுகாவா, கொடாயை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஆசனத்திலேயே உயிர்விட்டிருக்கும் கதோ, அம்புகள் தைத்து நின்றபடியே மாண்ட பெங்கேய் என்னும் பழங்காலத்து வீரனைப்போல் குண்டுகள் துளைத்தும் விழாமல் நிற்கும் சைதோ என்று ஒவ்வொருவராக. முதற் படத்தில் பெயர்பெயராக நேசிக்கப்பட்ட மனிதர்கள் பலரை இப்படி வரிசையாகக் கொன்றது, ரசிகர்களின் அன்பையே ஆயுதமாக்கி அவர்களைத் தாக்கிய செயல்.

எல்லாம் இழந்த கொடாயின் முன் தோன்றுவது முன்பே இறந்துவிட்ட தலைவர் ஓகிதா ஜூஸோவின் ஆவி. ஆயுதம் எதுவும் மிஞ்சவில்லை என்று நிற்கும் இளைஞனுக்கு, உன் உயிர் மிஞ்சியிருக்கிறதே என்று உணர்த்துகிறது அது. அதன் பிறகே கொடாய் கப்பலை எதிரியின்மேல் செலுத்தப் புறப்படுகிறான்.

இந்த ஓர் இடத்தில்தான் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள் என்பது என் துணிபு. மிகப் பலர் அழுதார்கள். அழுததோடு, வாழ்நாளில் தாம் பார்த்த படங்களில் இதற்கு இணை இல்லை என்றும் எழுதினார்கள். வேறு சிலர் அழுதுகொண்டே அஞ்சினார்கள். இது தற்கொலைப் படையின் தர்மமல்லவா, 1945-இல் இருபது வயதுப் பையன்களின் காதில் ஓதப்பட்டது இதே மந்திரமல்லவா என்று கேட்டார்கள். பின்னவர்களின் கேள்விக்கு வலிமை தந்தது படைப்பின் வெளியிலிருந்து வந்த எந்தக் கொள்கையும் அல்ல, படைப்பின் தொடக்கமே. முதல் தொடரின் முதல் வாரத்தில், புளூட்டோவுக்கு அருகே நடந்த போரில் படை நாசமாகும்போது, பின்வாங்க மறுத்துச் சாகத் துணிகிறான் கொடாயின் அண்ணன், பின்வாங்குகிறார் ஓகிதா. இன்றைய அவமானத்தைச் சகித்துக்கொண்டு நாளைக்காக வாழ்வதே ஆண்மை என்பது அவர் அப்போது சொன்ன உபதேசம். அண்ணனைச் சாகவிட்டுத் திரும்பிய கோழை என்று அவரை வெறுத்த தம்பி, அந்த உபதேசத்தின் அருமையைக் கற்றுக்கொள்வதே 26 வாரக் கதையின் உட்பொருள். ஆக, உயிரோடிருந்த ஓகிதா வாழச் சொன்னார்; செத்துப்போன ஓகிதா சாகச் சொல்கிறார். அந்த ஆவி ஓகிதாவினுடையதுதானா, அல்லது 1945-இல் மூழ்கிய வேறெவருடையதோ என்று ஒரு கூர்மையான ரசிகன் ஐயுற்றால் அவனுக்குப் பதில் சொல்வது கடினம்.

இந்தப் பிளவு தயாரித்தவர்களுக்குள்ளும் இருந்தது. முடிவைக் கொண்டாடியவர் நிஷிஸாகி. எதிர்த்தவர் மாட்ஸுமோட்டோ லெய்ஜி. கப்பலின் வடிவத்திலும் மனிதர்களின் முகங்களிலும் தம் முத்திரையைப் பதித்த இந்தச் சித்திரக்காரரின் தந்தை தரைப்படையின் விமானி. யுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பிய அவர், பழைய சகாக்கள் பலரும் புதிய தற்காப்புப் படையில் சேர்ந்தபோது சேராமல், வறுமையை ஏற்றுச் சிறு வியாபாரம் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். தப்பிப் பிழைத்த ஒருவனுடைய மகனாக வளர்ந்தவருக்கு, பிழைத்திருப்பது இழுக்கென்று தொனிக்கும் எந்த முடிவும் கசந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. (பிற்காலத்தில் படைப்பின் உரிமை யாருக்கு என்று இவ்விருவரும் நீதிமன்றம் ஏறியதும், 2002-இல் தீர்ப்பு நிஷிஸாகியின் பக்கம் அமைந்ததும் வேறு கதை.)

தொலைக்காட்சித் தொடரில் முடிவு மாறியது இந்த எதிர்ப்பாலா, வணிகக் கணக்காலா என்று பிரித்துப் பார்க்க முயல்வது வீண். இரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள். மாறிய கதையில் தெரேசா என்னும் ஒளிமயமான பெண் தன்னை அழித்துக்கொண்டு எதிரியை அழிக்கிறாள்; கொடாயும் அவன் காதலி யுகியும் பூமிக்குத் திரும்புகிறார்கள். ஒருவன் உயிரைக் காத்து ஒருத்தியின் உயிரைக் கொடுத்த இந்த ஏற்பாட்டினால் தற்கொலை தர்மம் ஒழிந்துவிட்டதென்று சொல்ல முடியாது. அது கைமாறியது, அவ்வளவுதான். ஆயினும், சாவை அஞ்சிய ரசிகர்கள் ஆறுதலடைந்தார்கள். அழுதவர்களோ சீறினார்கள். விடைபெற்றுப் போனவனுக்காகச் சிந்திய கண்ணீரை வட்டியோடு திருப்பிக் கொடுங்கள் என்பதே அவர்கள் கோபத்தின் சாரம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. சாகடித்தாலும் குற்றம், பிழைக்கவைத்தாலும் குற்றம் என்ற நிலைக்குத் தயாரிப்பாளர் தம்மைத் தாமே கொண்டுவந்துவிட்டார்.

அத்தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான நாள் 1979 ஏப்ரல் 7, சனிக்கிழமை. பழைய யமாட்டோ மூழ்கிய அதே தேதி. அதே சனிக்கிழமை மாலை, வேறொரு நிலையத்தில் ‘கண்டம்’ (Gundam) என்ற புதிய தொடர் தொடங்கியது. அதன் இயக்குநர் தோமினோ யோஷியுகி முதல் யமாட்டோ தொடரில் சிறிது பணியாற்றி, மனம் கசந்து, அதை வீழ்த்திக் காட்டவேண்டும் என்ற வீறாப்போடு இருந்தவர். அவர் படைத்த விண்வெளி யுத்தத்தில் தியாகத்தின் சங்கீதம் ஒலிப்பதில்லை. போருக்கு இழுக்கப்பட்ட பையன் ஒருவன் எரிச்சலோடு சண்டையிட்டு, கடைசியில் திரும்பிப் போக ஓரிடம் தனக்கு உண்டென்று கண்டு அழுகிறான். அதுவும் முதலில் தோற்று, 43 வாரத்தில் சுருக்கப்பட்டு, ரசிகர்களால் மீட்கப்பட்டு, 1981-இல் திரைப்படமானது. அந்த ஆண்டு பிப்ரவரி 22-இல் டோக்கியோவின் ஷிஞ்ஜுகு ரயில் நிலையத்தின் வெளியே அப்படத்துக்காகக் கூடிய இளைஞர் கூட்டத்தைக் கண்டவர்கள் யமாட்டோவின் காலம் முடிந்ததென்று உணர்ந்தார்கள். பார்வையாளரின் அபிப்பிராயம் சொல்லாக வெளிப்படுவதுண்டு. இப்படி, கால்கள் வேறிடம் நோக்கி நடப்பதாகவும் வெளிப்படும்.

அமெரிக்கச் சிறுவர்களின் கதை வேறு. 1979-இல் அங்கே ஆங்கிலத்தில் ஒளிபரப்பான இத்தொடரில் கப்பலுக்கு ஆர்கோ என்று பெயர் மாற்றி, மரணங்களை மழுப்பி, வைத்தியர் குடிக்கும் சாக்கேயை ஊற்றுநீராக்கிவிட்டார்கள். இரண்டாம் பகுதியாக அவர்கள் கண்டது தொலைக்காட்சிக் கதையையே. ஆகையால் கொடாய் இறந்த செய்தி அவர்களை எட்டவே இல்லை. மூழ்கிய கப்பலின் நினைவு இல்லாத ஊரில் அது விறுவிறுப்பான விண்வெளிப் பயணக் கதையாக மட்டும் இருந்து, அந்த அளவில் மனமார நேசிக்கப்பட்டது.

ஜப்பானிலோ தொடர்ச்சிகள் வந்துகொண்டே இருந்தன. 1983 மார்ச்சில் இறுதி யமாட்டோ என்ற பெயரோடு வந்த படத்தில், முதற் கதையிலேயே கண்மூடிய ஓகிதா தலைவராக மறுபடி வந்து அமர்ந்தார். அவர் இறந்தாரென்று வைத்தியர் முன்பு தவறாகக் கணித்துவிட்டாராம்! அரங்கில் சிரிப்பை அடக்க முடியாதவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பினுள்ளே ஒரு துக்கம் இருந்தது. இறந்தவரைப் பிழைக்கவைத்தால் அவர்மேல் கொண்ட பக்தி குறையும் என்பதை நடுகல் நட்ட மரபில் வந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிழைத்த ஓகிதா அந்தப் படத்தின் முடிவில் கப்பலோடு தன்னையும் வெடித்துச் சிதறவிட்டு இன்னொரு முறை இறக்கிறார். வாழச் சொன்னவரைக் கொண்டே சாவை நடத்திக் காட்டினால்தான் நிஷிஸாகிக்குத் திருப்தி ஏற்பட்டதுபோலும். 2010 நவம்பரில், ஒகாசவாரா தீவுகளுக்கு அருகே, யமாட்டோ என்றே பெயரிட்ட கலத்திலிருந்து கடலில் விழுந்து நிஷிஸாகி இறந்தார். மறு மாதம் வெளியான, நடிகர்களைக் கொண்டு எடுத்த யமாட்டோ படத்திலும் கொடாய் கப்பலோடு மாய்கிறான்.

இரண்டு முடிவுகளில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், கலைக்கு ஒன்றும் மனச்சாட்சிக்கு ஒன்றுமாகப் பங்கிட்டுத் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. 1978-இன் முடிவு கலையாகவும் பழுதுடையதென்றே கருதுகிறேன். அதன் ஆற்றல் முழுவதும் மியாகாவா ஹிரோஷியின் இசையிலிருந்தும், அதற்கு முந்திய மூன்றாண்டு அன்பிலிருந்தும் கடன் வாங்கியது. கொடாய் என்னும் மனிதனிடமிருந்து பிறந்ததன்று. காமிலாஸின் சாம்பலில் துப்பாக்கியை எறிந்தவன், இரண்டே ஆண்டில், தானே எறியப்படும் ஆயுதமாக மாறுவதற்கு அவன் உள்ளத்தில் நடந்ததென்ன என்று படம் காட்டவில்லை. ஆவி ஒன்று வந்து சொல்லிப் போகிறது. இருந்தும், அங்கே அழுத பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஏமாந்தவர்களென்று எழுதும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் பிறந்தது யுத்தம் முடிந்து பல்லாண்டு கழித்து. வீட்டில் அதைக் குறித்துப் பேச்சில்லை. பள்ளியில் அது பிழையென்ற ஒரு வாக்கியத்தோடு பாடம் முடிந்துவிடும். அந்தப் பிழையில் மாண்ட மூவாயிரம் பேருக்காக அழ ஓர் இருட்டறை வேண்டியிருந்தது. டிக்கெட் வாங்கினால் அது கிடைத்தது. யாருக்காக அழுகிறோம் என்பது அழுதவர்களில் பலருக்கு அந்நேரம் தெரிந்திராது.

2017 முதல் 2019 வரையில், அதே வால்நட்சத்திரப் பேரரசின் கதை ஏழு பாகங்களாக மறுபடி எடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் வெளியாயிற்று. கதையமைத்தவர் ஃபுகுயி ஹருதோஷி. இயக்கியவர் ஹபாரா நோபுயோஷி. இதிலும் கொடாயும் யுகியும் கப்பலோடு எதிரியின்மேல் பாய்ந்து மறைகிறார்கள். ஆனால் படம் அங்கே முடியவில்லை. அவர்கள் மாண்டுபோகாமல் வேறொரு பரிமாணத்தில் அகப்பட்டிருப்பதாகவும், மீட்கவேண்டுமானால் காலம் பத்து மடங்கு விரைந்தோடும் ஓர் அபூர்வ வெளியை இழக்கவேண்டும் என்றும் தெரியவருகிறது. போர்க்கப்பல்களைக் கணக்கின்றிக் கட்டிக் குவிக்கப் பூமி இரகசியமாக நம்பியிருந்த தொழிற்சாலை அந்த வெளியில்தான் இருந்தது. இரண்டு பேருக்காக அதைத் துறக்கலாமா என்ற கேள்வி பூமியிலுள்ள ஜனங்களின் பொது வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது. கப்பலின் விஞ்ஞானி சனாதா மேடையேறி, நாற்பதாண்டுகளாக ரசிகர்களின் கடிதங்களில் ஓடிவந்த வழக்கையே வேறு வார்த்தைகளில் உலகத்தின்முன் வைக்கிறார். மீட்கவேண்டும் என்ற பக்கம் வெல்கிறது. எல்லோரும் அப்பக்கம் வாக்களிக்கவில்லை என்பதையும் படம் மறைக்கவில்லை.

இதை மிகையான சாதுரியமென்று இகழ்ந்தவர்களும், ஒரு வழியாக வீடு திரும்பினான் என்று தேறியவர்களும் அந்தக் கடைசிப் பாகத்தின் பார்வையாளர்களிடையே இருந்தார்கள். அது வெளியானது 2019 மார்ச் 1-இல். 1978-இல் பதினைந்து வயதில் அழுதுவிட்டு வெளியே வந்தவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது நடந்துகொண்டிருக்கும். இருட்டில் அமர்ந்து, தம் வாக்கைத் திரையில் வேறு யாரோ அளிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.